அமா, அக்கா: பக்க மிதவை வள்ளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆறு பேர் துடுப்புப் போடும் வள்ளம் ஒன்றில் மூன்றாவது இருக்கை என்னுடையது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிச் சலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

அண்ணே, படகுக்குப் பக்கத்துல குட்டிப் படகு ஒண்ணு கட்டியிருக்கே, அது என்ன?

அது படகு இல்லை. உள்ளே ஆள் உட்கார இடமே கிடையாது. இரண்டு முனையும் கூர்த்த ஒரு நீள மிதவை, அவ்வளவுதான். அதற்குப் பெயர் அமா. ஹவாய், தஹிதி, சமோவா, நியூசிலாந்து என்று பசிபிக் கடலின் பாலினேசிய மக்கள் பலரும் சொல்லும் சொல் அது.

அந்த மிதவையையும் வள்ளத்தையும் இணைக்கும்படி குறுக்கே இரண்டு கழிகள் போகின்றன, பாருங்கள். அவை அக்கா. அமா மிதப்பது, அக்கா பிடித்துக்கொண்டிருப்பது. ஆள் உட்காரும் பெரிய உடலுக்கு வக்கா என்று பெயர். ஆங்கிலத்தில் ‘அவுட்ரிக்கர்’ என்று ஒரே சொல்லால் மிதவையையும் சொல்வார்கள், கழியையும் சொல்வார்கள், சில நேரம் முழு வள்ளத்தையும் சொல்வார்கள். குழப்பம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

அம்மா, அக்கான்னு ஏன்டா பேரு? வீட்டு ஆளுங்களை எல்லாம் படகுல கட்டிட்டீங்களா?

இது என் பெரியம்மாவின் கேள்வி. இல்லை பெரியம்மா, உறவுமுறை எதுவும் இல்லை, ஒலி தற்செயலாகப் பொருந்தியது. அமாவில் ‘ம’ ஒன்றுதான், அம்மா இல்லை. அக்கா விஷயத்தில் நம் எழுத்தின் மேல்தான் பழி. ‘அகா’ என்று எழுதினால் நாம் ‘அஹா’ மாதிரி வாசிப்போம். ஒற்றுப் போட்டால் ஒலி சரியாக வரும், ஆனால் மூத்த சகோதரி வந்து நின்றுவிடுகிறாள். ஒலி முக்கியம் என்று ஒற்றுப் போட்டே எழுதுகிறேன்.

நீங்க எப்பவும் ‘இயாக்கோ’ன்னு சொல்றீங்க, கூகுள்ல அக்கான்னு இருக்கு. எது சரி?

இரண்டும் குறுக்குக் கழியைத்தான் குறிக்கின்றன, புழங்கும் இடம் வேறு. துடுப்புப் போடுகிறவர்கள் ஹவாய்ச் சொல்லான இயாக்கோவைச் சொல்கிறோம். முன் கழி இயாக்கோ முவா, பின் கழி இயாக்கோ ஹோப்பே. மூன்று உடல் கொண்ட பாய்ப்படகு கட்டுகிறவர்களிடம் போனால் வக்கா, அக்கா, அமா என்ற மூன்று சொற்கள் வரும். நீங்கள் கூகுளில் பார்த்தது பெரும்பாலும் அவர்கள் எழுதியதாக இருக்கும்.

ஹவாய்க்குப் போய் ஒரு பெரியவரிடம் அக்கா என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் மொழியில் அதற்கு நிழல் என்று பொருள். கழியைக் கேட்டால் நிழலைத் தேடுவார்.

தீவுக்குத் தீவு பேர் மாறுமா?

மாறும், ஆனால் ஒழுங்காக மாறும். தமிழ்ப் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆகிறது இல்லையா, அந்த மாதிரி. தொங்காவில் மிதவைக்கு ஹமா என்பார்கள். ஆதிச் சொல்லில் முதலில் ‘ஸ’ இருந்தது. தொங்காவில் அது ‘ஹ’ ஆகி நின்றது, மற்றவர்கள் அதையும் விழுங்கி அமா ஆக்கினார்கள்.

கழியும் அப்படியே. தொங்காவிலும் நியூசிலாந்தின் மாவோரி மொழியிலும் கியாத்தோ. சமோவாவிலும் தஹிதியிலும் முதல் ‘க’ தொண்டை அடைப்பாக மாறி இயாத்தோ. ஹவாயில் அதோடு ‘த’வும் ‘க’ ஆகி இயாக்கோ. வக்காவும் இதே வழியில் நியூசிலாந்தில் வாக்கா, தஹிதியில் வாஅ என்று மாறுகிறது. நியூசிலாந்தில் இந்த விளையாட்டுக்கே பெயர் ‘வாக்கா அமா’தான்.

சரி, ஒரு மரத்துண்டு மிதந்தா வள்ளம் எப்படிக் கவிழாம நிக்கும்?

எங்கள் வள்ளம் சுமார் 13 மீட்டர் நீளம், அகலம் அரை மீட்டர்தான். தனியாகத் தண்ணீரில் விட்டால் உருண்டுவிடும். அமா அதை இரண்டு விதத்தில் தடுக்கிறது. வள்ளம் அமா பக்கம் சாய்ந்தால் அமா தண்ணீருக்குள் அழுந்தும், தண்ணீர் அதை மேலே தள்ளும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அமா தண்ணீரை விட்டுக் கிளம்பும், அதன் எடை அதைக் கீழே இழுக்கும். அழுத்தினால் மிதவை, தூக்கினால் எடைக்கல்.

அக்காவின் வேலை இங்கேதான். கதவைக் கீல் ஓரத்தில் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள், அசையாது. கைப்பிடி ஓரத்தில் தள்ளினால் திறந்துவிடும். விரல் அதே விரல், தூரம்தான் வேறு. கணக்குக்காக 10 கிலோ அமா வள்ளத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 60 கிலோ ஆள் ஒருவர் எதிர்ப்பக்கம் கால் மீட்டர் சாய்ந்தால் அதைச் சரிக்கட்ட அது போதும். அதே அமாவை அரை மீட்டரில் கட்டினால் அந்த ஆள் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. அமாவுக்குப் பலம் கொடுப்பது அக்கா. படம் பார்க்கிறவர்கள் எல்லோரும் அமாவையே கேட்கிறார்கள், அக்காவைக் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

அப்போ அமா இருக்குற பக்கம் கனமா இருக்குமே, அந்தப் பக்கம்தானே கவிழும்?

முதல் நாள் நானும் இப்படித்தான் நினைத்தேன். துடுப்பு வள்ளம் கவிழ்வது பெரும்பாலும் அமா இல்லாத பக்கம்தான். மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள். 50 லிட்டர் கொள்ளளவும் 10 கிலோ எடையும் உள்ள அமாவை முழுக்க அமுக்க 40 கிலோ வேண்டும். தூக்கவோ 10 கிலோ போதும். அமா பக்கம் கோட்டை, எதிர்ப்பக்கம் வேலி கூட இல்லை.

எங்கள் வள்ளத்தில் அமா எப்போதும் இடப்பக்கம், ஹவாய் வழக்கம் அது. அதனால் புதிதாக ஏறுகிறவருக்குச் சொல்லும் முதல் பாடம், சந்தேகம் வந்தால் இடப்பக்கம் சாய். பயத்தில் மனிதர் நேர் எதிராகச் செய்வார் என்பது அனுபவம். என் மூன்றாவது வாரம், வலப்பக்கம் விழுந்த தண்ணீர்ப் புட்டியை எட்டிப் பிடிக்கக் குனிந்தேன். சத்தமே இல்லாமல் அமா கிளம்பியது. பின்னால் சுக்கான் துடுப்பு பிடித்திருந்தவர் “அமா!” என்று கத்தினார். நான் என்னவென்று திரும்பிப் பார்த்தேன், அதுவும் வலப்பக்கமாக. ஆறு பேரும் தண்ணீரில். புட்டி மட்டும் நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது.

கவிழ்ந்தா என்ன பண்ணுவீங்க? உயிருக்கு ஆபத்து இல்லையா?

கவிழ்வதற்கு ஹூலி என்று பெயர். முதலில் தலைகளை எண்ணுவோம். எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் வள்ளம். இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தின் அடிமேல் ஏறி, குறுக்கே எட்டி அக்காவைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். வேறு ஒருவர் தண்ணீரிலிருந்து அமாவை மேலே தள்ளுவார். அமா வானத்தில் ஒரு வளைவு போட்டு மறுபக்கம் வந்து விழும். அது விழும் இடத்தில் யாரும் இருக்கக் கூடாது, அதைக் கத்திக் கத்திச் சொல்வோம். அப்புறம் வாளியும் வெட்டிய பிளாஸ்டிக் கேனும் வைத்துத் தண்ணீரை இறைப்பது. பழகிய குழு சில நிமிடத்தில் மறுபடி ஓட்டத் தொடங்கிவிடும். நாங்கள் அன்றைக்கு அரை மணி எடுத்தோம்.

கழியை ஆணி அடிச்சு, இல்ல வெல்டு வச்சு இறுக்கிட்டா என்ன? கயிறு ஏன்?

ஆடிக் கொடுக்கத்தான் கயிறு. அலையில் வள்ளம் ஒரு தாளத்தில் ஏறி இறங்கும், அமா வேறு தாளத்தில் ஏறி இறங்கும். நடுவில் மாட்டிக்கொள்வது அக்கா. கட்டு கொஞ்சம் நெகிழ்ந்தால் அந்த முறுக்கல் கயிற்றில் கரைந்துவிடும். ஆணி அடித்தால் ஆணி நிற்கும், மரம் கிழியும். ஹவாயில் முன்பு தென்னை நார்க் கயிறு. இப்போது பருத்தி நாடா, அல்லது வண்டி டியூபை நீள நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவது.

கட்டுவது தனிக் கலை. வள்ளத்தின் விளிம்பில் அக்கா உட்காரும் இடத்தில் ரப்பரை ஒவ்வொரு சுற்றாக, முந்தைய சுற்று நழுவாதபடி கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். கடைசிச் சுற்றைச் செருகி முடிக்கும்போது விரலில் தோல் உரிந்திருக்கும். பிறகு டேப் வைத்து, வள்ளத்துக்கும் அமாவுக்கும் உள்ள இடைவெளியை முன்னேயும் பின்னேயும் அளப்போம். அமா கோணலாக இருந்தால் வள்ளம் முழு வழியும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். அமாவின் மூக்கு அதிகம் அழுந்தினால் கழிக்கு அடியில் சின்ன ஆப்பு ஒன்று செருகினால் சரியாகிவிடும்.

பழைய காலத்துல என்ன மரம்?

ஹவாயில் வள்ளத்துக்குக் கோவா மரம். அமாவுக்கு விலிவிலி. அது நம் கல்யாண முருங்கையின் இனம், தக்கை மாதிரி லேசு. இயாக்கோவுக்கு ஹவ் என்ற மரத்தின் வளைந்த கிளை. இது பூவரசின் சொந்தக்காரன், அதே இதய வடிவ இலை, மஞ்சள் பூ. லேசாக இருக்க வேண்டியது லேசு மரத்தில், வளைந்து கொடுக்க வேண்டியது வளையும் மரத்தில் என்று தெரிந்தே பிரித்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் கண்ணாடி நார், கார்பன்.

இவ்வளவு நல்லதுன்னா அமாவை இன்னும் பெருசா, இன்னும் தள்ளிக் கட்டலாமே?

பெரிதானால் தண்ணீரை அதிகம் உரசும், வேகம் போகும். நன்றாக அமைத்த வள்ளத்தில் அமா தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும், உழுதுகொண்டு போகாது. தள்ளிக் கட்டினால் அக்கா நீளும். நீண்ட கழிக்கு நெம்பு விசை கூடும், அது உடையாமல் இருக்கத் தடிப்பாக்க வேண்டும், எடை ஏறும். இன்னொன்று, அமாவின் உராய்வு வள்ளத்தை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும். தூரம் கூடினால் அந்தத் திருப்பலும் கூடும்.

பிலிப்பைன்ஸ் படகுல ரெண்டு பக்கமும் இருக்கே? அதுதானே பாதுகாப்பு?

பிலிப்பைன்ஸின் பங்கா, பாலியின் ஜுக்குங், தான்சானியாக் கரையின் ங்கலாவா எல்லாம் இரட்டை மிதவை. அங்கே மிதவைக்குப் பெயர் அமா இல்லை. பிலிப்பைன்ஸில் காத்திக், இந்தோனேசியாவில் சாதிக். மேலே சொன்ன வேலி இல்லாத பக்கத்துக்கும் வேலி கட்டியாயிற்று, நின்று வலை இழுக்க வசதி. ஆனால் திறந்த பசிபிக்கில் ஒற்றை மிதவைதான் ஓங்கி நிற்கிறது. நீண்ட பெருங்கடல் அலையில் இரண்டு பக்கமும் நீட்டிய கைகளை மாறி மாறி அலை முறுக்கும், ஒற்றைக்கு அந்தத் தொல்லை பாதி.

பாய் கட்டி ஓட்டினா காத்து ஒரு பக்கம் தள்ளுமே. அப்போ அமா எந்தப் பக்கம் இருக்கணும்?

இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இது. மேற்குப் பசிபிக் தீவுகளின் மைக்ரோனேசியர்களின் பதில், காற்று வரும் பக்கம், எப்போதும். காற்று பாயைத் தள்ள வள்ளம் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும், அமா எடைக்கல்லாக நின்று இழுத்துப் பிடிக்கும். காற்று பலத்தால் ஆட்கள் அக்காவின் மேல் ஏறி அமா பக்கம் நகர்வார்கள்.

திசை மாற்றும்போது? சாதாரணப் பாய்ப்படகு மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பும், அப்படிச் செய்தால் அமா தப்பான பக்கம் போய்விடும். எனவே அவர்கள் படகைத் திருப்புவதே இல்லை. பாயின் அடிமுனையைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தின் மறுமுனைக்கு நடக்கிறார்கள். முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். அதற்காக வள்ளத்தின் இரண்டு முனையும் ஒரே மாதிரி. 1742-இல் தினியன் தீவில் தங்கிய ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவரின் ஆட்கள் இப்படி ஒரு வள்ளத்தைப் பிடித்து அளந்து வரைந்தார்கள். மணிக்கு 20 மைலுக்கு அருகே ஓடும் என்று எழுதி வைத்தார்கள். அன்றைய கப்பல்காரர்கள் வாய்பிளந்திருப்பார்கள்.

ஹவாய் வள்ளம் அப்படியில்லை, மூக்கைத் திருப்பும். எனவே ஒரு திசையில் அமா எடைக்கல், மறு திசையில் மிதவை. இன்னும் ஒரு வகை, அமாவை வேண்டுமென்றே காற்று போகும் பக்கம் வைத்து மிதவையாகவே நம்புவது. டிக் நியூவிக் வடிவமைத்த ‘சியர்ஸ்’ அந்த மாதிரி. 1968-இல் அட்லாண்டிக்கைத் தனியாள் கடக்கும் போட்டியில் டாம் ஃபாலெட் அதில் மூன்றாவதாக வந்தார்.

நம்ம பக்கத்துல இது கிடையாதா? கட்டுமரம் இதுதானே?

கட்டுமரத்தில் அமாவும் இல்லை, அக்காவும் இல்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் இடுக்கு வழியே ஏறி இறங்கும். அகலம்தான் அதற்கு நிலைப்பு. ஆங்கிலேயர் நம் சொல்லை வாங்கிக்கொண்டு போய் இரட்டை உடல் படகுக்கு ‘கேட்டமரான்’ என்று வைத்துவிட்டார்கள். 1876-இல் நத்தானியேல் ஹெரஷாஃப் ‘அமரிலிஸ்’ என்ற இரட்டை உடல் படகை நியூயார்க்கில் ஓட்டி மற்றவர்களை முந்தியபோது அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டது. சொல் நம்முடையது, பொருள் பசிபிக்கினுடையது.

உண்மையான பக்க மிதவை பார்க்க வேண்டுமானால் இலங்கைக்குப் போங்கள். நீர்கொழும்பில் சிங்கள மீனவர்களின் ஒருவ வள்ளம் அச்சாக இந்தக் குடும்பம். குடைந்த மரம், மேலே பலகை, ஒரு பக்கம் ஒரே மிதவை. மேலே சொன்ன மைக்ரோனேசிய வள்ளம் போலவே மிதவை காற்று வரும் பக்கம், முன் பின் மாறும் ஓட்டம். பழைய பயணிகள் எழுதியிருக்கிறார்கள்: அங்கே காற்றை ஓராள் காற்று, ஈராள் காற்று என்று அளந்தார்களாம். கழியின் மேல் எத்தனை பேர் ஏற வேண்டியிருக்கிறதோ அதுவே கணக்கு.

அடியில கனமா இரும்பு வச்சா முடிஞ்சுதே? பெரிய பாய்ப்படகெல்லாம் அப்படித்தானே?

ஆமாம், அது வேறு பள்ளி. அடியில் ஈயமோ இரும்போ தொங்கவிட்டால் படகு எவ்வளவு சாய்ந்தாலும் பெரும்பாலும் நிமிரும். ஆனால் அந்த எடையை எல்லா இடத்துக்கும் சுமக்க வேண்டும், பவளப் பாறைத் திட்டுக்கு மேல் போக முடியாது, கையால் கரையில் இழுத்தேற்ற முடியாது. இரும்பே இல்லாத தீவுகளில் அது யோசனைக்கே வராது.

மிதவைப் பள்ளியின் குறை, தலைகீழானால் தலைகீழாகவே உறுதியாக நிற்கும். எங்கள் வள்ளத்தை ஆறு பேர் நிமிர்த்தலாம், பெரியதை முடியாது. 1978 மார்ச்சில் மொலோக்காய்க் கால்வாயில் ‘ஹோக்குலேஅ’ கவிழ்ந்தபோது அதுதான் நடந்தது. 62 அடி இரட்டை வள்ளம், இரண்டு வருடம் முன்பு சத்தாவல் தீவின் மாவ் பியாய்லுக் கருவி இல்லாமல் வழிகாட்டி ஹவாயிலிருந்து தஹிதிக்குக் கொண்டுபோன அதே வள்ளம். உதவி தேடி அலைப்பலகையில் கிளம்பிய எடி ஐக்காவ் திரும்பவே இல்லை. மற்றவர்கள் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருந்து பிழைத்தார்கள்.

மூணு உடல் படகுல பக்கத்துல இருக்குற ரெண்டையும் அமான்னு சொல்லலாமா?

சொல்கிறார்கள். நடுவில் வக்கா, இரண்டு பக்கமும் அமா, இடையில் அக்கா. டிரைமரான் என்ற சொல்லை 1940-களில் உண்டாக்கியவர் விக்டர் செச்செட். பிறகு இயன் ஃபாரியர் அக்காக்கள் மடங்கும்படி வடிவமைத்தார். கரை சேர்ந்ததும் அமாக்கள் வக்காவோடு ஒட்டிக்கொள்ளும், காருக்குப் பின்னால் இழுத்துப் போகலாம். அக்கா மடங்குவாளா என்று பெரியம்மா கேட்டார். இந்த அக்கா மடங்குவாள்.

அப்போ இரட்டை வள்ளத்துல? அமாவே இல்லையே?

இருக்கிறது, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஹவாயில் சமமான இரண்டு வள்ளங்களை இயாக்கோவால் இணைத்தால் வலது வள்ளத்துக்கு ஆக்கேயா என்றும் இடது வள்ளத்துக்கு அமா என்றும் பெயர். ஆள் உட்காரும், சாமான் ஏற்றும், பெரிய மரத்தில் குடைந்த முழு வள்ளம். ஆனாலும் அமாதான், ஒற்றை வள்ளத்தில் மிதவை இருக்கும் இடத்தில் அது நிற்பதால். ஆக, முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். உள்ளே யாரும் உட்கார முடியாது என்றேன். ஹோக்குலேஅவின் அமாவுக்குள் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள்.